இறங்குவதற்கு முன்: செட்டிகுளத்துச் சாரதிகளுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிகுளம் பிரதேசத்தில் டபிள் கப், பிக்கப், ஜீப், உழவு இயந்திரம் ஓட்டுகிற அண்ணைமாருக்கும் தம்பிமாருக்கும்,

மாரி தொடங்குவதற்கு முன்னரே இதை எழுதுகிறேன். தொடங்கிவிட்டால் ஆளுக்கொரு அவசரம் வந்துவிடும். ஒருவர் உரம் ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போக வேண்டும், ஒருவர் அலுவலக ஐயாவைக் கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும், இன்னொருவருக்கு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். அந்த அவசரத்தோடுதான் தண்ணீர் மேவிப் பாய்கிற பாலத்தின் இக்கரையில் வந்து நிற்பீர்கள். நின்று, யன்னல் கண்ணாடியை இறக்கி, ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கியரைப் போடுவீர்கள். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

நான் வாகனம் திருத்துகிறவன். ஆற்றில் இறங்கிய வாகனங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வருவது எங்களைப் போன்றவர்களின் கராஜுக்குத்தான். இஞ்சினைக் கழற்றும்போது, அந்தச் சாரதி கரையில் நின்று என்ன நினைத்திருப்பார் என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும். அநேகமாக எல்லாரும் ஒன்றைத்தான் நினைத்திருப்பார்கள்: "ஃபோர் வீல் தானே, போகும்."

எங்கள் பகுதியில் ஃபோர் வீல் வாகனத்துக்கு ஒரு மரியாதை உண்டு. அது சும்மா வந்ததல்ல. 2009 இல் மெனிக் பாம் முகாமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எங்கள் சனம் கூடாரங்களுக்குள் கிடந்த காலத்தில், சேற்றைத் தாண்டி உள்ளே வந்து போனவை வெள்ளை லாண்ட் குறூஸர்கள். 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டது. பிறகு மீளக்குடியமர்ந்த ஊர்களுக்குப் போன காட்டுப் பாதைகளிலும் அவைதான் ஓடின. வான் புதைந்த இடத்தில் அவை புதையவில்லை. அதைப் பார்த்து வளர்ந்த பெடியள் இன்றைக்குச் சாரதிகளாக இருக்கிறார்கள். இந்த வாகனம் எங்கேயும் போகும் என்ற நம்பிக்கை அங்கேதான் வேர்விட்டது. சேற்றில் அந்த நம்பிக்கை சரி. மணலிலும் பெரும்பாலும் சரி. ஓடுகிற தண்ணீரில் அது பிழை, அந்தப் பிழைக்கு விலை உயிர்.

ஃபோர் வீல் செய்கிற வேலை ஒன்றே ஒன்று: இஞ்சினின் இழுவையை நாலு சில்லுக்கும் பிரித்துக் கொடுப்பது. சில்லு நிலத்தை அழுத்திக்கொண்டிருந்தால்தான் அந்த இழுவையால் பயன். நிலத்தை அழுத்துவது வாகனத்தின் பாரம். தண்ணீர் முதலில் எடுத்துக்கொள்வதும் அந்தப் பாரத்தைத்தான்.

கணக்குப் பார்ப்போம். ஒரு டபிள் கப்பின் கபின் தரை ஏறக்குறைய 4 சதுர மீற்றர் என்று வையுங்கள். அந்தத் தரைக்கு மேலே 25 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது, கதவு ரப்பர் அதை உள்ளே விடாமல் பிடித்திருக்கிறது என்றால், கபின் விலக்குகிற தண்ணீர் ஒரு கன மீற்றர். அதன் நிறை 1,000 கிலோ. வாகனத்தின் நிறையோ வெறுமையாக நிற்கும்போது 2,000 கிலோவுக்குக் கிட்டத்தான். இருக்கை மட்டத்துக்கே வராத தண்ணீர் உங்கள் பாரத்தில் பாதியைத் தூக்கிவிட்டது. பின்பெட்டியில் ஒன்றும் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். இஞ்சின் பாரம் முன்னுக்கு இருப்பதால் பின்பக்கம்தான் முதலில் கிளம்பும். பின்சில்லு நிலத்தை விட்டவுடன் வாகனம் முன்சில்லைச் சுற்றி ஆற்றின் கீழ்ப்பக்கம் திரும்பும். அந்த நேரத்தில் ஸ்ரியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தும் பிரயோசனம் இல்லை. புது வாகனம் என்றால் கூடத் தாங்கும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புது வாகனத்தின் கதவு ரப்பர் நல்ல இறுக்கம். தண்ணீர் உள்ளே வரச் சுணங்கும். அதனாலேயே அது பழைய வாகனத்தை விடக் கெதியாக மிதக்கும்.

இது தண்ணீர் தூக்குகிற கணக்கு. தள்ளுகிற கணக்கு வேறு. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற பலம் நாலு மடங்காகும். ஆள் நடக்கிற வேகத்தில் ஓடிய ஆறு, ஆள் ஓடுகிற வேகத்துக்கு வந்துவிட்டால், கரையில் நின்று பார்க்கிற உங்களுக்குக் கொஞ்சம் சுறுசுறுப்பாக ஓடுகிற மாதிரித்தான் தெரியும். வாகனத்தின் பக்கவாட்டில் படுகிற உதை அதற்கிடையில் பல மடங்கு ஏறியிருக்கும். வெள்ளத்தைப் பற்றி எச்சரிக்கிறவர்கள் உலகம் முழுக்கச் சொல்கிற அளவு இதுதான்: 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஓடுகிற தண்ணீர் சிறிய கார்களை நகர்த்தும், 60 சென்ரிமீற்றர் ஓட்டம் ஜீப், பிக்கப் உட்பட அநேகமான வாகனங்களை அடித்துக்கொண்டு போகும். 60 சென்ரிமீற்றர் என்பது ஒரு வளர்ந்த ஆளின் முழங்காலுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான்.

"ஏன், கொம்பனிக்காரனே 700 மில்லிமீற்றர் என்று போட்டிருக்கிறானே" என்று கேட்பீர்கள். உண்மை. ரொயோட்டா ஹைலக்ஸ் 700 மில்லிமீற்றர் தண்ணீரில் போகலாம் என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் திணைக்களங்களில் ஓடித் தேய்ந்த பழைய லாண்ட் ரோவர் டிபெண்டருக்கு 500 தான். இப்போது வருகிற டிபெண்டருக்கு 900. அந்த எண் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். அசையாமல் நிற்கிற, அல்லது மெல்ல அசைகிற தண்ணீரில், அடித்தளம் உறுதியாக இருந்தால், மெதுவாக ஓட்டினால், இஞ்சினுக்கும் மின்சாரத்துக்கும் பழுது வராது என்பதுதான் அதன் பொருள். மாரியில் எங்கள் அருவியாறு பாய்கிற பாய்ச்சலுக்கு அந்த எண்ணில் ஒரு பொறுப்பும் இல்லை. ஸ்னோர்க்கல் பூட்டியவர்களுக்கும் இதே கதைதான். ஸ்னோர்க்கல் இஞ்சின் காற்று எடுக்கிற வாயைக் கூரை மட்டத்துக்கு உயர்த்தும். வாகனத்தைக் கீழே அழுத்திப் பிடிக்க அதால் முடியாது. ஸ்னோர்க்கல் பூட்டிய வாகனம் இஞ்சின் ஓட ஓடவே அடிபட்டுப் போகும்.

இஞ்சினுக்குள் தண்ணீர் போனால் என்ன நடக்கும் என்பதை நேரில் கண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். டீசல் இஞ்சின் காற்றைப் பதினாறு, பதினேழு மடங்குக்கு நசுக்கித்தான் எரிக்கிறது. காற்று நசுங்கும். தண்ணீர் நசுங்காது. ஒரு சிலிண்டருக்குள் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு தண்ணீர் போய்விட்டால், மேலே ஏறுகிற பிஸ்ரனுக்குப் போக இடமில்லை. இஞ்சின் படக்கென்று நிற்கும். அந்த இடத்தில் சாரதி செய்கிற வேலைதான் இஞ்சினைக் கொல்கிறது. சாவியைத் திருப்புவார். திரும்பத் திருப்புவார். கட்டி இழுத்து வந்த ஒரு டபிள் கப்பின் ஹீற்றர் பிளக்குகளைக் கழற்றிவிட்டு இஞ்சினைச் சுற்றிப் பார்த்தோம். நாலு ஓட்டையில் இரண்டால் செம்மண் தண்ணீர் பொனற் மூடி வரைக்கும் பீச்சி அடித்தது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், அந்த இரண்டு பிஸ்ரனும் மற்ற இரண்டைப் போல மேலே ஏறவில்லை. கொன்றொட் வளைந்திருந்தது. முதல் தரம் நின்றபோதே சாவியைத் தொடாமல் விட்டிருந்தால், தண்ணீரை வெளியேற்றி, ஒயிலை மாற்றி, அந்த இஞ்சினைக் காப்பாற்றியிருக்கலாம். தண்ணீருக்குள் நின்றுபோன இஞ்சினைத் திரும்ப ஸ்ராட் பண்ணாதீர்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஆனால் இஞ்சினைச் செய்யலாம். காசு போகும், பிறகு ஓடும். நான் இதை எழுதுவது இஞ்சினுக்காக இல்லை.

2024 நவம்பர் 26 ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தில் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் நடந்ததை நாங்கள் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். மழையால் மூடப்பட்ட மதரசாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரம், வெள்ளம் மேவிய தாம்போதியைக் கடக்கும்போது இழுத்துச் செல்லப்பட்டது. பிள்ளைகள் பலரும் போனார்கள், சாரதியும் போனார். உழவு இயந்திரத்தின் பின்சில்லு ஒரு மனிதனின் நெஞ்சு உயரம். அதைப் பார்த்துத்தான் பிள்ளைகளை ஏற்றினார்கள். அந்தச் சாரதி கெட்ட மனிதன் இல்லை, அவர் பிள்ளைகளை வீட்டில் சேர்க்கத்தான் போனார். ஓராண்டு கழித்து, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது, புத்தளம் அனுராதபுரம் வீதியில் கலா ஓயாப் பாலத்தடியில் ஒரு பயணிகள் பஸ் மாட்டிக்கொண்டது. பிக்கப்பை விடப் பல மடங்கு பாரமான வாகனம். அதிலிருந்த எழுபது பேருக்குக் கிட்ட, பாதுகாப்புப் படையினர் வந்து மீட்கும்வரை வெள்ளத்தின் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புயலில் நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

எங்கள் ஆற்றுக்கு வருவோம். அருவியாறு இலங்கையின் இரண்டாவது நீளமான ஆறு, 164 கிலோமீற்றர். மேலே அனுராதபுரத்துப் பக்கத்தில் அதன் பெயர் மல்வத்து ஓயா. றிட்டிகலை மலைப்பக்கம் ஊறி, நாச்சதுவ குளத்தை நிரப்பி, அனுராதபுரத்தைத் தொட்டு, தந்திரிமலையால் இறங்கி எங்களிடம் வருகிறது. பிறகு தேக்கம் அணைக்கட்டில் கட்டுக்கரைக் குளத்துக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அரிப்புக்கு அருகே கடலில் விழுகிறது. இதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இதன் விளைவை எத்தனை பேர் கணக்கில் எடுக்கிறோம்? மேலே கொட்டுகிற மழை எங்களிடம் வந்து சேர ஒரு நாள் எடுக்கும், சில வேளை அதற்கும் கூட. செட்டிகுளத்தில் வெயில் எறிக்கும், வீதி காய்ந்திருக்கும், ஆறு மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். காலையில் முழங்கால் தண்ணீரில் கடந்துபோய், பின்னேரம் அதே துறையால் திரும்பி வரப் பார்க்கிற ஆட்கள்தான் இதில் அகப்படுகிறார்கள். வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணிக்காதீர்கள். 1957 டிசெம்பர் வெள்ளத்தில் நாச்சதுவ குளமே உடைத்தது. குளம் உடைத்தால் கீழே இருக்கிறவர்களுக்குக் கிடைக்கிற அவகாசம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

ஊருக்குள் இருக்கிற சின்னப் பாலங்களைக் கவனிக்காமல் விடுகிறோம். வவுனியாவில் குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்துக் கிடக்கின்றன. மேல்குளம் வான் பாய்ந்தால் கீழ்க்குளத்துக்கு வரும், கீழ்க்குளம் வான் பாய்ந்தால் வீதியை மேவும். பாவற்குளத்தின் வான்கதவைத் திறக்கப் போகிறார்கள் என்றால் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். பேர் ஊர் தெரியாத சின்னக் குளம் வான் பாய்வதை ஒருவரும் அறிவிக்கமாட்டார்கள். ஒரு சப்பாத்துப் பாலத்தில் ஒரு முழத் தண்ணீர்தானே என்று நீங்கள் இறங்குகிற நேரத்தில்தான் மேலே ஒரு குளக்கட்டு அரிந்துகொண்டிருக்கும்.

அந்தச் சப்பாத்துப் பாலத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பாருங்கள். தண்ணீர் மேல்பக்கத்திலிருந்து வழவழவென்று ஏறி, கொங்கிரீற்றின் மேல் மெல்லிய தகடாக ஓடி, கீழ்ப்பக்க விளிம்பில் விழுகிறது. விழுகிற இடத்தில் மண்ணைத் தோண்டுகிறது. வருடக்கணக்காகத் தோண்டுகிறது. கோடையில் இறங்கிப் பார்த்தால் அங்கே ஆள் உயரத்துக்குக் கிடங்கு இருக்கும், சில பாலங்களில் கொங்கிரீற்றின் அடியே பொந்து விழுந்திருக்கும். மாரியில் எல்லாவற்றையும் ஒரே செம்மண் நிறம் மூடிவிடும். அப்போது விளிம்பைக் காட்டுவது நுரைதான். கீழ்ப்பக்கத்தில் ஒரு நேர்கோடாக அலை நின்று நின்று உடைந்துகொண்டிருந்தால் அதுதான் விளிம்பு. அந்தக் கோடு எங்கேயாவது உள்ளே வளைந்திருந்தால் அந்த இடத்தில் பாலம் உடைந்திருக்கிறது. இரண்டு பக்கமும் நட்ட குத்துக் கற்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டால் வீதி எங்கே, ஆறு எங்கே என்று எவராலும் சொல்ல ஏலாது, இந்த வீதியால் ஆயிரம் தரம் போனவராலும்.

அருவியாற்றின் மணல் துறைகளில் வேறு ஆபத்து. கோடையில் அந்த வண்டில் பாதைகளால் இறங்கி ஏறுவது பெரிய விசயம் இல்லை. ஆனால் ஆற்று மணலுக்கு இருக்கிற விலை எங்களுக்குத் தெரியும். டிப்பர்கள் இரவில் வந்து அள்ளிவிட்டுப் போன இடமெல்லாம் கிடங்கு. முதல் வெள்ளம் அந்தக் கிடங்கின் மேல் மெல்லிய மணலைப் பரப்பி மூடிவிடும். போன வருடம் கடந்த துறை இந்த வருடம் அதே துறை இல்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஆற்றில் இறங்கவே கூடாது என்று நான் சொல்லப் போவதில்லை. எங்கள் ஊர்களுக்கு அது சரிவராது. வயல் அக்கரையில் இருக்கிறது, மாடு அக்கரையில் இருக்கிறது. அடி தெரிகிற, மெல்ல ஓடுகிற தண்ணீரில், சில்லின் நடு மட்டத்துக்குக் கீழே என்றால் கடக்கலாம். கடக்கிற முறை ஒன்று இருக்கிறது, அதைச் சரியாகச் செய்யுங்கள்.

முதலில் இறங்கி நடந்து பாருங்கள். கையில் ஒரு நீளத் தடி. சில்லு போகப் போகிற இரண்டு தடத்திலும் குத்திக் குத்திப் போங்கள். நடக்கவே கால் கூசுகிறது, ஓட்டம் காலைத் தள்ளுகிறது என்றால் வாகனத்துக்கும் பதில் அதுதான், திரும்பி வந்துவிடுங்கள். பழைய வாகனம் என்றால் முன்சில்லின் ஹப்பைக் கரையிலேயே லொக் பண்ணுங்கள். ஃபோர் வீல் லோவைக் கரையிலேயே போடுங்கள். தண்ணீருக்குள் நின்று லீவரோடு மல்லுக்கட்டக் கூடாது. முதலாம் அல்லது இரண்டாம் கியரில், வேகமாக நடக்கிற ஆளின் வேகத்தில், ஒரே சீராகப் போங்கள். அப்படிப் போனால் வாகனத்தின் முன்னால் ஒரு அலை எழும்பும், அதன் பின்னால் பொனற்றடியில் தண்ணீர் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அந்த அலையை விட்டு முன்னுக்கும் ஓடாதீர்கள், பின்னுக்கும் நிற்காதீர்கள். வேகமாகப் பாய்ந்தால் தண்ணீர் விசிறியில் அடிக்கும், விசிறி இலை வளைந்து ரேடியேற்றரைக் கிழிக்கும். இப்படி எத்தனை ரேடியேற்றரை நாங்கள் ஒட்டியிருக்கிறோம்! நடுவில் கியர் மாற்றாதீர்கள், கிளச்சை மிதித்தால் கிளச் பிளேற்றுக்குள் தண்ணீர் போகும்.

மணல் துறையில் சில்லின் காற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள், 18, 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு. அக்கரை ஏறியதும் திரும்ப அடிக்க ஒரு பம்பை வாகனத்தில் வைத்திருங்கள். மணலில் நடுவே நிற்கவே கூடாது. ஆற்றில் குளிக்க நிற்கும்போது குதிக்காலடியில் மணல் அரிந்து போவது எல்லாருக்கும் தெரிந்தது. நிற்கிற சில்லின் அடியிலும் அதுதான் நடக்கும், சில நிமிடத்தில் அச்சு வரைக்கும் இறங்கிவிடும்.

இறங்க முன்னர் யன்னல் கண்ணாடிகளை முழுவதும் இறக்கிவிடுங்கள். சுவிச்சில் இயங்குகிற கண்ணாடி, தண்ணீர் போனால் இறங்காது. ஆசனப் பட்டியைக் கழற்றச் சொல்லுங்கள். பின்பெட்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டாம். வாகனம் நின்று, தண்ணீர் ஏறுகிறது என்றால் கதவோடு மினக்கெடாமல் எல்லாரும் யன்னலால் ஏறிக் கூரைக்குப் போங்கள். போனில் 117 ஐ அழையுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையம் இருபத்துநாலு மணி நேரமும் எடுக்கும்.

கடந்து போன பிறகும் வேலை இருக்கிறது. பிறேக்கை மெல்ல மெல்ல மிதித்து உலர்த்துங்கள். பின்சில்லில் டிரம் பிறேக் என்றால் அதற்குள் தண்ணீர் தங்கும், முதல் வளைவில் பிறேக் பிடிக்காது. அடுத்த நாள் டிபரன்சல் ஒயிலைப் பாருங்கள். ஓடிச் சூடான டிபரன்சல் குளிர்ந்த தண்ணீருக்குள் திடீரென்று இறங்கினால் உள்ளே இருக்கிற காற்றுச் சுருங்கும், சீல் ஓரத்தாலும் பிறீதராலும் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் உடனே மாற்றுங்கள். விட்டால் பெயரிங்கும் பல்லும் அரித்துப் போகும். பிறீதருக்கு ஒரு ரப்பர் குழாயைப் பூட்டி இஞ்சின் மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்து விட்டால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். பெரிய செலவே இல்லாத வேலை. மாரிக்கு முதல் யார் கொண்டுவந்தாலும் செய்து தருகிறேன்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

நீங்கள் இறங்கி ஏறிவிட்டால் கதை அங்கே முடியாது. உங்களுக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார். மோட்டார் சைக்கிளில் மனிசியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு நிற்பார், அல்லது லாண்ட் மாஸ்ரரில் நெல் மூட்டையோடு நிற்பார். அவர் ஆற்றைப் பார்ப்பதில்லை, உங்களைத்தான் பார்க்கிறார். உங்கள் வாகனம் அக்கரையில் ஏறியவுடன் அவருக்கு அது அனுமதி. "அவை போட்டினம், நாங்களும் போவம்." உங்களுடைய சில்லு உயரமும் பாரமும் அவருக்கு இல்லை. நீங்கள் கடந்தபோது இருந்த தண்ணீரும் அவர் இறங்கும்போது இருக்காது. கண்ணாடியில் திரும்பிப் பார்க்காமல் நீங்கள் போய்விடுவீர்கள். ஊரில் பெரிய வாகனம் வைத்திருப்பவரின் மேல் இந்தப் பொறுப்பு விழுகிறது. அதை வேண்டாம் என்று சொல்ல உங்களால் முடியாது, ஏனென்றால் உங்களைப் பார்க்காதே என்று அவருக்குச் சொல்ல முடியாது.

அதனால் கடக்கக்கூடாத தண்ணீர் என்று கண்டால் வெறுமனே திரும்பிப் போகாதீர்கள். வாகனத்தை வீதிக்குக் குறுக்கே விட்டு, ஹசாட் லைற்றைப் போட்டு நில்லுங்கள். உங்களுடைய டபிள் கப் வெள்ளத்தில் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி அதுதான். பிறகு கிராம அலுவலருக்குச் சொல்லுங்கள்.

அலுவலக வாகனம் ஓட்டுகிறவர்களின் சங்கடம் எனக்கு விளங்குகிறது. பின்னால் இருக்கிறவர் "போகலாம்தானே" என்பார். கேள்வி மாதிரிச் சொல்வார், ஆனால் அது கட்டளை. நாட்கூலிக்கு அல்லது ஒப்பந்தத்துக்கு ஓட்டுகிற தம்பிக்கு அதற்கு "இல்லை சேர்" என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! இந்த மடலைப் பின்னிருக்கையில் இருக்கிறவர்களும் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஐயா, அம்மா, ஸ்ரியரிங் பிடித்திருப்பவர் வேண்டாம் என்று சொன்னால் அதோடு பேச்சு முடிய வேண்டும். அவர் மறுத்ததற்காக அடுத்த மாதம் அவருடைய வேலை போகக் கூடாது. கூட்டம் தள்ளிப் போகலாம், அறிக்கை பிந்தலாம். 2024 இலும் 2025 இலும் வெள்ளத்துக்காக உயர்தரப் பரீட்சையையே அரசாங்கம் இடைநிறுத்தியது. அதை விட அவசரமான கூட்டம் எது?

உண்மையான அவசரம் வரும். பாம்பு கடிக்கும், பிரசவ வலி எடுக்கும். அதற்கும் ஆற்றில் பாய்வது விடை இல்லை, ஏனென்றால் நோயாளியையும் சேர்த்துத்தான் ஆறு எடுக்கும். நாள் நெருங்கிய தாய்மாரை மழை இறுக முதல் செட்டிகுளம் வைத்தியசாலைக்குப் பக்கத்தில் உள்ள உறவுக்காரர் வீட்டில் கொண்டுவந்து விடலாம். நீரிழிவு, பிரஷர் மருந்தை ஐப்பசியிலேயே இரண்டு மாதத்துக்கு எடுத்து வைக்கலாம். இப்படிக் காவிச் செல்லத்தான் உங்கள் ஃபோர் வீல், வெள்ளத்துக்கு ஒரு கிழமை முன்னதாக. வெள்ளம் வந்துவிட்டால் படகைக் கூப்பிடுங்கள்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஒருவர் தனியே மறுத்தால் பயந்தாங்கொள்ளி என்பார்கள், பக்கத்து வாகனக்காரர் வாடகையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். ஆகவே எல்லாரும் சேர்ந்து ஒரு அளவை முடிவு செய்வோம். பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் கேட்டு, எங்கள் பக்கத்துச் சப்பாத்துப் பாலங்களிலும் துறைகளிலும் அளவுக் கம்பு நடுவோம். 30 சென்ரிமீற்றர் வரைக்கும் வெள்ளை, அதற்கு மேல் சிவப்பு. சிவப்பைத் தண்ணீர் தொட்டால் செட்டிகுளத்தில் எந்தச் சாரதியும் இறங்கமாட்டார், எவ்வளவு காசு கொடுத்தாலும், எந்த ஐயா சொன்னாலும். தந்திரிமலையில் நீர்மட்டம் என்ன என்பதை நீர்ப்பாசனத் திணைக்களம் அளந்து வெளியிடுகிறது. அதை ஒவ்வொரு நாளும் காலையில் பார்த்து மற்றவர்களுக்குப் போனில் அனுப்ப ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். அந்த வேலையை நான் எடுக்கிறேன்.

கம்புக்கு இரும்புக் குழாய் என்னிடம் இருக்கிறது, பழைய புரொப்பெல்லர் சாஃப்ற்றுகளும் இருக்கின்றன. வெல்டிங் வேலை என்னுடையது. சீமெந்தும் பெயின்ற்றும் யாராவது பொறுப்பெடுத்தால் புரட்டாதி முடியுமுன் நட்டுவிடலாம். ஆறு வற்றிக் கிடக்கிற இந்த நாட்களில் துறைகளில் இறங்கிக் கிடங்குகளையும் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். வரக்கூடியவர்கள் ஞாயிறு காலை கராஜுக்கு வாருங்கள், மண்வெட்டியும் அலவாங்கும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
செட்டிகுளத்தில் வாகனம் திருத்தும் உங்கள் சகோதரன்